அறுவடைக்கு முன் மஞ்சளாகும் தொட்டித் தக்காளி: கடைசி ஆறு வாரங்களில் எதைக் கொடுப்பது, எதை விடுவது

காய்கள் முழுப் பருமன் அடைந்து நிறம் மாறுவதற்காகக் காத்திருக்கும் நாட்களில்தான் தொட்டித் தக்காளியின் அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். முதல் முறை எனக்கு அப்படி நேர்ந்தபோது, பதினோரு தொட்டிகளில் ஏழில் இலைகள் நிறம் மாறியிருந்தன. நான்கில் காய்களின் அடிப்பகுதி கறுத்திருந்தது. பதற்றத்தில் ஒரே வாரத்துக்குள் எப்சம் உப்பு, முட்டை ஓட்டுத் தூள், திரவ உரம் ஆகிய மூன்றையும் கொடுத்தேன். பத்தாம் நாள் இலை விளிம்புகள் தீய்ந்தன, கறுத்த காய்கள் கூடின. எது எதனால் நேர்ந்தது என்று திரும்பிப் பார்க்க என்னிடம் ஒரு வரிக் குறிப்புகூட இல்லை.

அதற்குப் பின் வந்த பருவங்களில் நான் தெரிந்துகொண்டவற்றை, தொட்டியில் முதன்முறையாகத் தக்காளி வளர்ப்பவர்களுக்காக இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். 15 முதல் 25 லிட்டர் வரை கொள்ளளவுள்ள தொட்டிகளை மனத்தில் வைத்தே அளவுகளைச் சொல்கிறேன். செடி வளரும் பருவத்தில் சரியாக இருக்கும் பல சிகிச்சைகள் அறுவடை நெருக்கத்தில் வீணானவை, சில கேடானவை. ஆகவே இலையைப் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

1. மீதமுள்ள நாட்களை எண்ணுங்கள்

தக்காளிப் பூ மலர்ந்ததிலிருந்து பழம் சிவப்பதற்கு, ரகத்தையும் வெப்பத்தையும் பொறுத்து, ஏறத்தாழ 45 முதல் 60 நாட்கள் ஆகும். இதில் பெரும்பகுதி காய் பருப்பதற்கே போய்விடுகிறது. நுனியில் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கிய செங்காய், நல்ல வெப்பநிலையில் ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் முழுப் பழமாகிவிடும். எனவே ஒவ்வொரு கொத்திலும் முதல் பூ மலர்ந்த நாளைச் சிறு அட்டையில் எழுதிக் காம்பில் கட்டிவிடுங்கள். ஒரே செடியில் மேல் கொத்துக்கும் கீழ்க் கொத்துக்கும் மூன்று வாரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடும் என்பதால், "செடிக்கு எத்தனை நாள்" என்று கேட்பதைவிட "இந்தக் கொத்துக்கு எத்தனை நாள்" என்று கேட்பதே சரி.

தேதி எழுதாமல் விட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. முழுப் பருமன் அடைந்ததாகத் தோன்றும் பச்சைக் காய் ஒன்றைப் பறித்து, கூரான கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதைகளும் சேர்ந்து வெட்டுப்பட்டால் காய் இன்னும் முற்றவில்லை. விதைகளைச் சுற்றிக் கூழ் திரண்டு, கத்தி படும்போது விதைகள் வெட்டுப்படாமல் வழுக்கி விலகினால் காய் முற்றிவிட்டது. அதே வயதுடைய மற்ற காய்கள் இனிச் செடியிடமிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு காயை இழப்பது வருத்தம்தான், ஆனால் இந்த ஒரு வெட்டு எனக்குப் பல வாரத் தேவையற்ற வைத்தியத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

நாட்களை எண்ணிய பிறகு நான் பின்பற்றும் கணக்கு இதுதான். கடைசிக் கொத்துக்கும் பத்து நாட்களுக்குக் குறைவாகவே இருந்தால் நீரைத் தவிர எதுவும் வேண்டாம். பத்து முதல் இருபத்தைந்து நாட்கள் வரை இருந்தால், நீரில் முழுமையாகக் கரையும் உரங்கள் மட்டும் பயன்படும். அவை வேருக்கு உடனே கிடைத்துச் சில நாட்களில் வேலை செய்பவை. புண்ணாக்கு, எலும்புத் தூள், தொழு உரம் போன்றவை நுண்ணுயிர்களால் சிதைந்த பிறகே சத்தாக மாறும்; அதற்குப் பல வாரங்கள் வேண்டும். முட்டை ஓடு இன்னும் மெதுவானது. இவற்றை இப்போது இட்டால் அடுத்த பயிருக்குத்தான் உதவும்.

2. சத்தைச் சந்தேகிக்கும் முன் நீரையும் உப்பையும் பாருங்கள்

காய் பிடித்த செடி, சிறு செடியைப் போல் பல மடங்கு நீர் குடிக்கும். காலையில் ஒரு முறை ஊற்றிய பழக்கத்தை அப்படியே தொடர்ந்தால், மாலைக்குள் தொட்டி வறண்டு, மறுநாள் வெள்ளமாகி, வேர் இரண்டுக்கும் இடையில் அல்லாடும். இலை மஞ்சளாவது, விளிம்பு தீய்வது, காயின் அடி கறுப்பது ஆகிய மூன்றுமே இந்த ஒழுங்கின்மையால் மட்டும் வரக்கூடியவை. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள். தொட்டியைச் சற்றுத் தூக்கி எடையையும் உணருங்கள். நீர் ஊற்றிய உடனே ஒரு முறையும், இலை வாடத் தொடங்கும் வேளையில் ஒரு முறையும் தூக்கிப் பார்த்துவிட்டால், பிறகு கைக்கே கணக்கு பிடிபட்டுவிடும்.

அடுத்தது உப்புத் தேக்கம். மாதக்கணக்கில் உரம் பெற்ற தொட்டியில், செடி எடுத்துக்கொள்ளாத உப்புகள் சேர்ந்துகொண்டே போகும். அந்த நிலையில் வேரால் நீரையே சரியாக உறிஞ்ச முடியாது; மண்ணில் சத்து நிறைந்திருக்கும்போதே இலை பட்டினி கிடப்பதைப் போலத் தோன்றும். அதைப் பார்த்து மேலும் உரம் இடுவதுதான் புதியவர்கள் அதிகமாக விழும் குழி. நானும் விழுந்தேன்.

இதைச் சோதிக்கும் முறை எளிது. தொட்டிக்கு வழக்கம்போல் நீர் ஊற்றி, முழுவதும் நனைந்தபின் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு தொட்டியின் அடியில் சுத்தமான தட்டு ஒன்றை வைத்து, மேலே மெதுவாக வாலை வடிநீரை (காய்ச்சி வடித்த நீர்) ஊற்றி, கீழே வடியும் முதல் 50 மி.லி. நீரை மட்டும் சேகரியுங்கள். அதன் கார அமில நிலையையும் (pH), கரைந்த உப்பு கூடக் கூட உயரும் மின்கடத்து திறனையும் (EC) கைமானிகளால் அளந்துகொள்ளுங்கள். தக்காளிக்குக் கார அமில நிலை 6.0 முதல் 6.8 வரை இருப்பது நல்லது. மின்கடத்து திறன் சென்டிமீட்டருக்கு 1 மில்லி சீமன்ஸுக்குக் கீழே இருந்தால் தொட்டியில் உண்மையிலேயே சத்து இல்லை என்றும், 4-ஐத் தாண்டினால் உப்பு தேங்கியிருக்கிறது என்றும் நான் எடுத்துக்கொள்கிறேன். இடைப்பட்ட எண் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

கார அமில மானியை 4.0, 7.0 ஆகிய இரண்டு அளவைக் கரைசல்களில் வைத்துச் சரிபார்க்காமல் அதன் எண்ணை நம்பாதீர்கள். ஒரு பருவம் முழுவதும் என் மானி 0.8 கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. இல்லாத காரத்தன்மைக்கு நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உப்பு தேங்கியிருந்தால், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நீரை ஒரே மூச்சில் கொட்டாமல், நான்கைந்து தவணைகளாக, ஒவ்வொன்றும் வடிந்த பிறகு அடுத்ததை ஊற்றிக் கழுவ வேண்டும். ஓர் எச்சரிக்கை: நன்றாக வறண்டிருந்த தொட்டியில் செங்காய்கள் இருக்கும்போது இப்படி நீரைப் பாய்ச்சினால் காய்கள் வெடிக்கும். அவற்றை முதலில் பறித்துவிட்டுக் கழுவுங்கள்.

3. எந்த இலை என்று பாருங்கள்; எந்த நிறம் என்பது அடுத்த கேள்வி

சில சத்துகளைச் செடியால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கோ காய்க்கோ அனுப்ப முடியும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றில் குறை வந்தால் அடி இலைகளில்தான் முதலில் தெரியும். கால்சியம், இரும்பு, போரான் ஆகியவற்றை அப்படி எளிதாக இடம் மாற்ற முடியாது. அவற்றின் குறை குருத்திலும் இளம் காயிலும் தெரியும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும்.

அடி இலை ஒன்றை மதிய வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். நரம்பும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியும் ஒன்றுபோல வெளிறியிருந்தால் தழைச்சத்துக் குறை. நரம்புகளை ஒட்டிப் பச்சை நின்று, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகி, மீன் முள்ளைப் போன்ற தோற்றம் வந்தால் மக்னீசியக் குறை. இலையின் நடு பச்சையாக இருந்து, விளிம்பு மட்டும் முதலில் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகக் கருகி மேல்நோக்கி மடிந்தால் சாம்பல் சத்துக் குறை. ஆனால் உப்புத் தேக்கமும் விளிம்பைக் கருக்கும் என்பதால், இரண்டாம் படியின் எண் கையில் இல்லாமல் இந்த முடிவுக்கு வர வேண்டாம். நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும் அதே தோற்றம் குருத்து இலைகளில் இருந்தால் அது இரும்புக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதன்று, கார அமில நிலை 7-ஐத் தாண்டியதால் இரும்பு கரையாமல் நின்றுபோனதால் வருவது. இலையின் அடிப்புறம் ஊதா நிறம் காட்டினால் மணிச்சத்துக் குறை என்று பொதுவாகச் சொல்வார்கள். குளிர்ந்த மண்ணில் வேர் மந்தமாவதாலும் அதே நிறம் வரும் என்பதால், இரவுக் குளிர் கூடிய வாரங்களில் அதற்காக உரம் தேட வேண்டியதில்லை.

சத்துக் குறையைப் போல் வேடமிடும் நோய்களும் உண்டு. அடி இலையின் மஞ்சளுக்கு நடுவே, மரத்தின் குறுக்குவெட்டு வளையங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகப் பழுப்பு வட்டங்கள் தெரிந்தால் அது இலைக்கருகல் பூஞ்சை. ஒரு கிளையின் ஒரு பக்கம் மட்டும், சில வேளைகளில் ஒரே இலையின் ஒரு பாதி மட்டும் மஞ்சளாகி வாடினால் வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஊசியால் குத்தியதைப் போன்ற வெளிர்ப் புள்ளிகள் இலை முழுவதும் பரவியிருந்தால், இலையைத் திருப்பி ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நகர்ந்தால் அது சிலந்திப்பேன். சத்துக் குறை பொதுவாகச் செடியின் இரு பக்கமும் சமமாக வரும், ஓரம் தெளிவான புள்ளிகளாக வராது. இந்த மூன்றில் எதற்கும் உரம் மருந்தாகாது.

கடைசியாக, எதுவுமே தவறாக இல்லாத மஞ்சளும் இருக்கிறது. முதல் கொத்து பழுக்கும் வேளையில், அதற்குக் கீழே உள்ள இலைகள் தங்களிடம் இருந்ததைக் காய்க்குக் கொடுத்துவிட்டு ஓய்வு பெறுகின்றன. அடியில் மூன்று நான்கு இலைகள் மெதுவாக, வாரத்துக்கு ஒன்றிரண்டாக மஞ்சளானால், அவற்றைக் காலையில் ஒடித்து எடுத்துவிட்டு அமைதியாக இருக்கலாம். இரண்டே நாளில் ஐந்தாறு இலைகளில் மஞ்சள் ஏறினால் அது வேறு விஷயம்.

4. காய் உள்ளபோது பொருட்படுத்த வேண்டிய மூன்று சத்துகள்

சாம்பல் சத்து. காய் பிடித்தபின் தக்காளி மிகுதியாக எடுத்துக்கொள்வது இதைத்தான். இது குறைந்தால் பழம் திட்டுத்திட்டாகப் பழுக்கும். காம்பைச் சுற்றியுள்ள தோள்பகுதி மஞ்சளாகவும் கெட்டியாகவும் நின்றுவிடும். அறுவடைக்கு மூன்று வாரத்துக்கு மேல் உள்ள கொத்துகள் இருந்தால், பொட்டாசியம் சல்பேட்டை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து, வாரம் ஒரு முறை, வழக்கமான உரத்துக்குப் பதிலாக ஊற்றலாம். இரண்டு அல்லது மூன்று முறை போதும். அது மெதுவாகக் கரையும் உப்பு என்பதால் வெதுவெதுப்பான நீரில் கலக்கி, அடியில் படிவு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தோள் மஞ்சளான பழம் திருந்தாது. பயன் அடுத்த கொத்துகளுக்குத்தான். வெப்பம் பல நாட்கள் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் நின்றால், தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் உருவாவது தடைப்பட்டு, சத்து நிறைந்த செடியிலும் பழம் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கும். அந்த வாரத்தில் தேவை உரமன்று, நிழல்வலை.

மக்னீசியம். சாம்பல் சத்தைத் தாராளமாகக் கொடுத்த செடியில் இது குறைவது வழக்கம், ஏனென்றால் வேரில் இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. நடு இலைகள் வரை மீன்முள் தோற்றம் ஏறியிருந்தால் மட்டும், லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பு கலந்து இலையின் இரு பக்கமும் நனையும்படி மாலையில் தெளியுங்கள். முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. மஞ்சள் ஏறிவிட்ட இலை முழுப் பச்சைக்குத் திரும்பாது. அதற்கு மேலே உள்ள இலைக்குப் பரவாமல் நிற்கிறதா என்பதே வெற்றியின் அடையாளம். கடைசிக் கொத்துக்கு இரண்டு வாரமே இருக்கிறது என்றால் இதையும் விட்டுவிடலாம்.

கால்சியம். காயின் அடிப்பகுதியில் நீர் கோத்த புள்ளி ஒன்று தோன்றி, சில நாட்களில் தோல்போலக் காய்ந்து கறுத்து உள்வாங்கும். இதைப் பூஞ்சை என்று எண்ணி மருந்து வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். காய் வேகமாகப் பருக்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களில், அதன் நுனிவரை கால்சியம் போய்ச் சேராததால் வருவது இது. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே மேலே ஏறும். இலைக்குப் போனது காய்க்குத் திரும்பி வராது. அதனால்தான் இலையில் கால்சியம் தெளிப்பது காய்க்கு அநேகமாகப் பயன்படுவதில்லை. மண்ணில் கால்சியம் இருந்தும் நீர் ஒழுங்கில்லாததால் இது வருவதே அதிகம். கறுத்த காய்களைப் பறித்து எறியுங்கள். அவை செடியின் சாற்றை வீணாக்குகின்றன. மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் இரண்டு அங்குலத்துக்கு மூடாக்கு இடுங்கள். நீரை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். யூரியாவும் அம்மோனியா வகை உரங்களும் கால்சியத்தோடு போட்டியிடுபவை என்பதால் அவற்றை நிறுத்துங்கள்.

நான் செய்த பெரும் பிழை இங்கேதான். காயின் அடி கறுத்ததும் எப்சம் உப்பைக் கரைத்து வேரில் ஊற்றினேன். எப்சம் உப்பில் இருப்பது மக்னீசியம், கால்சியம் அன்று. மக்னீசியம் கூடும்போது கால்சியம் ஏறுவது இன்னும் குறையும். இந்த யோசனையை இன்றும் பலர் நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

மேல் கொத்துகளில் இன்னும் கோலிக்குண்டு அளவுக் காய்கள் இருந்து, நீங்கள் ஊற்றும் நீரும் மழைநீரைப் போல் உப்பற்றதாக இருந்தால், கால்சியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 1 கிராம் வீதம் ஒன்றிரண்டு முறை கொடுக்கலாம். அதைப் பொட்டாசியம் சல்பேட்டோடோ எப்சம் உப்போடோ ஒரே வாளியில் கெட்டியாகக் கலக்கக் கூடாது. கரைசல் பால்போல வெளுத்து ஜிப்சமாக அடியில் படியும், இரண்டு உரமும் வீணாகும். இடையில் இரண்டு மூன்று நாட்கள் விட்டு, தனித்தனியாகக் கொடுங்கள்.

தழைச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளைக் கண்டதும் கை முதலில் போவது அதன் பக்கம்தான். கடைசி மாதத்தில் தழைச்சத்து மிகுந்தால் செடி மீண்டும் தழைக்கத் தொடங்கும்: சிம்புகள் (பக்கக் கிளைகள்) வெடிக்கும், பூ வரும், பழுப்பது தள்ளிப்போகும். செடி முழுவதும் வெளிறி, மின்கடத்து திறனும் 1-க்குக் கீழே இருந்து, ஒரு மாதத்துக்கு மேல் காலமும் இருந்தால், தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சமமாக உள்ள கரையும் உரத்தைப் பாதி அளவில் ஒரு முறை கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

5. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

முதலாவது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, தொட்டி எண், ஊற்றிய நீரின் அளவு, கொடுத்த உரம், வடிநீரின் இரண்டு எண்கள், அன்றைய உச்ச வெப்பம் ஆகியவை இருந்தால் போதும். அதோடு, ஒரே இலையை அடையாள நூல் கட்டி வைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை அதே வேளையில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் படம் எடுங்கள்; நினைவில் நிற்கும் மஞ்சள் எப்போதும் உண்மையைவிட அடர்த்தியானது. ஒரு வாரத்தில் ஒரே மாற்றம் மட்டும் செய்யுங்கள், ஒரு தொட்டியை எதுவும் கொடுக்காமல் ஒப்பீட்டுக்காக விட்டுவையுங்கள். அந்தத் தொட்டியும் மற்றவற்றோடு சேர்ந்து தேறிவிட்டால் உங்கள் மருந்துக்கு அதில் பங்கில்லை.

இரண்டாவது, உரப் பையின் விவரச் சீட்டு. பையைத் தூக்கி எறிந்தாலும் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரிசையாக வரும் மூன்று எண்களில் முதலாவது தழைச்சத்து. மற்ற இரண்டும் மணி, சாம்பல் சத்துகளின் ஆக்சைடு வடிவில் சொல்லப்பட்டவை. உண்மையான மணிச்சத்தை அறிய இரண்டாம் எண்ணை 0.44-ஆலும், உண்மையான சாம்பல் சத்தை அறிய மூன்றாம் எண்ணை 0.83-ஆலும் பெருக்குங்கள். 50 என்று அச்சிட்டிருக்கும் பொட்டாசியம் சல்பேட்டில் இருப்பது ஏறத்தாழ 41.5 சதவீதப் பொட்டாசியம். இரும்பு உரம் வாங்க நேர்ந்தால், அதைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் பிணைப்பு எது என்பதைச் சீட்டில் தேடுங்கள்: இ.டி.டி.ஏ. (EDTA) வகை காரத்தன்மை கூடிய மண்ணில் விரைவில் பயனற்றுப்போகும், இ.டி.டி.ஹெச்.ஏ. (EDDHA) வகை தாக்குப்பிடிக்கும். வெறுமனே "இரும்பு கலந்தது" என்று மட்டும் எழுதியிருக்கும் புட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, மண் ஆய்வு அறிக்கை. அது நல்ல ஆவணம், ஆனால் அறுவடை நெருக்கத்தில் அனுப்பினால் அறிக்கை வருவதற்குள் பழத்தைப் பறித்திருப்பீர்கள். பருவம் முடிந்தபின், தொட்டியின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எடுத்துக் கலந்த மண்ணை, உரம் எதுவும் இடுவதற்கு முன்னதாக அனுப்புங்கள்.

6. செலவை எங்கே செய்வது

என் அனுபவத்தில் முதலில் வாங்க வேண்டியவை இரண்டு மானிகளும் அவற்றுக்கான அளவைக் கரைசல்களும்தான். பல பருவங்கள் வரும், பல தவறான வாங்கல்களைத் தடுக்கும். அடுத்து, கிராம் காட்டும் சிறு தராசு. கரண்டிக் கணக்கு ஆபத்தானது: ஒரே கரண்டியில் எப்சம் உப்பும் பொட்டாசியம் சல்பேட்டும் ஒரே எடை நிற்பதில்லை. பொட்டாசியம் சல்பேட்டும் எப்சம் உப்பும் மிகச் சிறிய பையாகவே வாங்குங்கள். பத்துத் தொட்டிக்கு ஒரு பருவத்தில் சில நூறு கிராம்கூடத் தேவைப்படாது. கால்சியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை இழுத்துக் கூழாகிவிடும் என்பதால் இறுக்கமான மூடியுள்ள புட்டியில் வையுங்கள்.

பூவைப் பெருக்கும், காயைப் பெருக்கும் என்று வண்ணப் புட்டிகளில் வருபவற்றுள் பல, மணிச்சத்து மிகுந்த சாதாரண உப்புக் கரைசல்கள். கடைசி மாதத்தில் தக்காளிக்கு மணிச்சத்து அரிதாகவே பற்றாக்குறையாகும். நான் வாங்கிய இரண்டு புட்டிகள் இன்னும் பாதி நிறைந்தபடி அலமாரியில் இருக்கின்றன.

7. சாப்பிடப் போகும் பொருள் என்பதை மறவாதீர்கள்

பச்சைச் சாணத்தையோ அதன் கரைசலையோ காய் உள்ள தொட்டிக்கு ஊற்றக் கூடாது. நோய்க்கிருமிகள் பழத்தில் படியும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள், மக்காத எருவுக்கும் அறுவடைக்கும் இடையே, விளைபொருள் மண்ணைத் தொடாவிட்டால் 90 நாட்களும், தொட்டால் 120 நாட்களும் இருக்க வேண்டும் என்கின்றன. நீங்கள் எங்கிருந்தாலும் அது நல்ல அளவுகோல். இலையில் உப்புக் கரைசல் தெளித்தால், அடுத்த பறிப்புக்கு முன் மூன்று நான்கு நாட்கள் விடுங்கள், பழத்தைக் கழுவிப் பயன்படுத்துங்கள். பூச்சிமருந்து எதையேனும் தெளித்திருந்தால் காத்திருப்பு நாட்கள் அதன் சீட்டிலேயே இருக்கும். அதில் பேரம் பேச முடியாது.

8. வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் பறிக்க வேண்டிய நேரம்

இலைகளில் பாதிக்கு மேல் போய்விட்டது, காய்களோ முற்றிவிட்டன என்றால் செடியைக் காப்பாற்றும் முயற்சியை விட்டுவிடுங்கள். இலை மறைப்பு இல்லாத காயில் நேர் வெயில் பட்டால் வெளுத்த கொப்புளம்போல் வெந்துவிடும். நுனியில் நிறம் திரும்பிய செங்காய்களைக் காம்போடு பறித்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், 18 முதல் 21 டிகிரி வெப்பமுள்ள இடத்தில் பரப்பி வைத்தால் ஒரு வாரத்துக்குள் சிவக்கும். பழுப்பதற்கு வெயில் தேவையில்லை. காயே வெளியிடும் எத்திலீன் வாயு போதும். குளிர்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே பழுக்காத தக்காளி மணமும் நிறமும் கெட்டுப்போகும்.

செடியில் இன்னும் மேலே பூக்கள் இருந்தால், அவை பழமாக ஏழெட்டு வாரங்கள் வேண்டும் என்பதை முதல் படியின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். காலம் போதாதென்றால், கடைசிக் கொத்துக்கு மேல் இரண்டு இலைகளை விட்டு நுனியைக் கிள்ளிவிடுங்கள், சிம்புகளையும் எடுத்துவிடுங்கள். என் பதினோரு தொட்டிகளில், மருந்து எதுவும் கொடுக்காமல் இதை மட்டும் செய்த இரண்டு தொட்டிகள்தான் அந்த ஆண்டு கறுக்காத பழங்களைத் தந்தன.